கோச் நனைத்த துண்டு

கல்லூரி நாளில், தண்ணீரில் இறங்கினால் ஏறவே மாட்டான் என்று பேர் வாங்கியவர் கோச். இப்போது இறங்காமலே சம்பாதிக்கிறார். நீச்சல் குளத்தின் ஓரமாக நின்று விசில் ஊதுவார். "காலை உதை! மூச்சை விடு!" என்று கத்துவார். நனைவதெல்லாம் பிள்ளைகள் பாடு.

அந்தக் குளத்தைக் கழுவுவதற்காக ஒரு வாரம் மூடிவிட்டார்கள். லீவு கிடைத்தும் கோச்சுக்குச் சந்தோஷமில்லை. காரணம், வீட்டு மொட்டைமாடியில் பாசி பிடித்துக் கிடந்த தண்ணீர்த் தொட்டி. அதைத் தேய்த்துக் கழுவச் சொல்லி மனைவி மாதக்கணக்கில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். "நேரமே இல்லைம்மா" என்ற ஒரே பதிலில் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. லீவு என்று தெரிந்தால் தொலைந்தார். உயிரே போனாலும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

வழக்கம்போல் விசிலை மாட்டிக்கொண்டு பையோடு கிளம்பினார். பூங்கா பெஞ்சில் சுகமாகத் தூங்கினார். எதிலும் குறை வைக்காத மனிதர் அல்லவா? திரும்பும்போது அங்கிருந்த குழாயில் துண்டைச் சொட்டச் சொட்ட நனைத்துக்கொண்டார்.

மனைவி துண்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ரொம்ப வேலையோ?"

"ஏன் கேக்கறே! இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

"பாவம், படுத்துக்கங்க. காபி போட்டுத் தரேன்."

கோச் குழம்பிப் போனார். கல்யாணமான நாளாக, அவர் படுத்தால் எழுப்பித்தான் அவளுக்குப் பழக்கம். மறுநாளும் அதே உபசாரம். தொட்டிப் பேச்சே இல்லை. கல்யாண நாளை மறந்துவிட்டோமோ? மறந்திருந்தால் காபி வராதே! திட்டினால் சமாளிக்கலாம், இந்தக் கனிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெஞ்சில் தூக்கமும் போயிற்று.

மூன்றாம் நாள் காலையில் தாங்க முடியாமல் அவரே வாயைக் கொடுத்தார்.

"ஏம்மா, அந்தத் தொட்டி..."

"அதுவா? நேத்தே கழுவியாச்சே."

"யாரு கழுவினது?"

"உங்க குளத்தைக் கழுவுற ஆளுதான்."

"அவன் எப்படி இங்க வந்தான்?"

"மேனேஜருக்குப் போன் பண்ணினேன். குளம் மூடியிருக்குன்னு சொன்னாரு."

"அவருக்கு எதுக்குப் போன் பண்ணினே?"

"பயந்துட்டேங்க! இத்தனை வருஷமா உங்க துண்டு போனது போனபடி காஞ்சுதான் திரும்பி வரும். திடீர்னு நனைஞ்சு வந்தா? கால் தவறித் தண்ணியில விழுந்துட்டீங்களோன்னு நினைச்சேன்."

கோச் அசடு வழிந்தார். போகட்டும், தொட்டி கழுவியாயிற்று, அதுவரைக்கும் லாபம்.

"மேனேஜர் தங்கமான மனுஷன்தான். சும்மாவே ஆளை அனுப்பிட்டாரே!"

"சும்மா யாருங்க அனுப்புவா? பதிலுக்கு ஒரு ஆள் தரேன்னு சொல்லியிருக்கேன்."

நீளக் கம்பு போட்ட பிரஷ்ஷை அவர் கையில் கொடுத்தாள்.

"சீக்கிரம் கிளம்புங்க. ஆழமான பக்கம் பூரா அப்படியே கிடக்காம்."