மாப்பிள்ளையின் காரும் கழுவிய பெட்ரோலும்

அன்பும் மரியாதையும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் அம்மாவும் முழங்கால் நீங்கலாக நலம். காரும் நலம். கார் இப்போது நம் வீட்டு வாசலில் இல்லை என்பதை வைத்து அதன் நலத்தைப் பற்றி யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தால், தயவுசெய்து இந்தக் கடிதத்தை முழுவதும் படித்த பிறகு முடிவுக்கு வாருங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் விஷயத்தின் முன்னுரையைத் தாண்டுவதற்குள் உங்களுக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் உங்கள் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன். என் பெண்ணுக்கு இதையெல்லாம் இப்போதே சொல்லவேண்டிய அவசியம் இல்லை. நல்ல முடிவு வந்ததும் மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, வாங்கிய புது வாசம்கூடப் போகாத காரை நீங்கள் என் பொறுப்பில் விட்டுப் போனீர்கள். "வாரண்டி இருக்கு மாமா, அது கெடாம பாத்துக்கிட்டா போதும்" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். அந்த வார்த்தையை நான் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டேன் என்பது உங்களுக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு, பால் வாங்கி வருவதைத் தவிர வேறு எதையும் என்னை நம்பி யாரும் ஒப்படைத்ததில்லை. உங்கள் அத்தை பால் விஷயத்திலும் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்துக்கொள்கிறாள். எனவே வாரண்டியைக் காப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அது இன்றளவும் காப்பாற்றப்பட்டிருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரோடு வரும் கையேட்டை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. டாஷ்போர்டுப் பெட்டியில் இருந்ததை நான் அட்டையிலிருந்து அட்டை வரை படித்தேன், சில பக்கங்களை உங்கள் அத்தைக்கு உரக்கப் படித்தும் காட்டினேன். எரிபொருள் என்ற தலைப்பின் கீழ், எத்தனால் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோலைப் போட்டு அதனால் பழுது வந்தால் வாரண்டி பொருந்தாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. எத்தனால் என்றால் வேறொன்றும் இல்லை, சாராயம்தான். வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவே. அன்று மாலையே பங்க்குக்குப் போனேன். அங்கே இருபது சதவீதம் என்று பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். பத்து எங்கே, இருபது எங்கே.

"ஏம்பா, பத்து சதவீதம் கலந்தது இருக்கா?" என்று பெட்ரோல் போடுகிறவரிடம் கேட்டேன்.

"எல்லா பங்க்லயும் இதேதான் ஐயா. போடவா, வேணாமா? பின்னாடி வண்டி நிக்குது."

"போட்டு வண்டி கெட்டுப்போனா யார் பொறுப்பு?"

"நான் ஊத்துறவன் ஐயா. அதுக்கு மேல என்கிட்ட கேட்டா எப்படி?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால், வீட்டுக்கு வந்து கார் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகவும் இனிமையாகப் பேசினாள். கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் கம்பெனியின் பதில் என்றாள். பத்து என்று இருக்கிறதே என்றேன். "அப்போ பத்துதான் சார்" என்றாள். கிடைப்பதெல்லாம் இருபதாக இருக்கிறதே என்றேன். "அது பங்க்காரங்களைத்தான் கேக்கணும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா?" என்றாள். "முதல்ல கேட்ட உதவியே இன்னும் வரலையேம்மா" என்றதும் வணக்கம் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சர்வீஸ் சென்டருக்கு நேரில் போனேன். அங்கே ஆலோசகர் என்று ஒரு தம்பி இருக்கிறார். கழுத்தில் அட்டை தொங்கும், கையில் டேப்லெட் இருக்கும். "புது மாடல் எல்லாமே இருபதுக்கு ஏத்த மாதிரிதான் சார் வருது" என்றார். "உங்க புக்ல பத்துன்னு இருக்கே தம்பி" என்றேன். கொஞ்சம் யோசித்து, "புக்ல இருந்தா சரியாத்தான் சார் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். கையேட்டைப் படித்தவன் முன்னால் படிக்காதவர் எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடியும்? இருபது போட்டாலும் வாரண்டி உண்டு என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். அதற்கு மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லையாம்.

இந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். நான் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் தலைமை ஆய்வாளராக ஓய்வு பெற்றவன். தண்ணீரின் குணம் எனக்குத் தெரியும். பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. ஆனால் சாராயம் தண்ணீரைக் கண்டால் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு ஓடி வந்துவிடும். எனவே பெட்ரோலில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி வைத்தால், சாராயம் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும், மேலே சுத்தமான பெட்ரோல் நிற்கும். அடியில் இருப்பதைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. பிரிவுபசார விழாவில் எனக்குக் கொடுத்த நீளமான கண்ணாடி ஜாடியில் முதலில் செய்து பார்த்தேன், பிசகாமல் பிரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், மாப்பிள்ளை, வேலையில் இருந்த காலத்தில்கூட வந்ததில்லை.

பெரிய அளவில் செய்வதற்கு, அடியில் குழாய் வைத்த நம் குடிதண்ணீர் டிரம் மிகவும் பொருத்தமாக இருந்தது. உங்கள் அத்தை கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அதை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். பாதுகாப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்தில் மணல் வாளி, சுவரில் "நெருப்பு கூடாது" என்று என் கையெழுத்தில் ஒரு அட்டை. கேன் கேனாகப் பெட்ரோல் வாங்கி வந்து கழுவினேன். மூன்றாவது கழுவலில் குழாயின் ரப்பர் வளையம் உப்பி, மூட முடியாமல் ஒழுக ஆரம்பித்தது. உங்கள் அத்தை திரும்பி வந்து பார்த்து, "ஏங்க, இனிமே இதுல யாரு தண்ணி குடிப்பா?" என்றாள். நான் அந்த வளையத்தைக் கையில் எடுத்துக் காட்டி, "பாத்தியா, மாப்பிள்ளை வண்டிக்குள்ள இருக்கற ரப்பருக்கெல்லாம் இதுதான் நடந்திருக்கும்" என்றேன். அவள் பதில் பேசாமல் கீழே போய்விட்டாள். அவள் பேசாமல் போனால் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷமாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

கழுவிய தண்ணீரை மாடி வடிகாலில் விட்டேன். அந்தக் குழாய் கீழ்வீட்டுப் பல் டாக்டரின் பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் முடிகிறது என்பது எனக்குத் தெரியாது. அவருடைய செடிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்து, "சார், மாடியில என்ன காய்ச்சறீங்க?" என்று கேட்டார். "நான் ஒண்ணும் காய்ச்சலை டாக்டர், கழுவறேன்" என்றேன். அவர் டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு போய்க் குடியிருப்புச் சங்கச் செயலாளரை அழைத்து வந்தார். செயலாளர் சுற்றிச் சுற்றி வந்து மோந்து பார்த்துவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று வருத்தப்பட்டார். விளக்கம் சொல்லி அனுப்பினேன். விளக்கம் சரியாகப் பரவவில்லை என்று நினைக்கிறேன். அன்று முதல் வாசல் காவலாளி என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார், சாயங்காலங்களில் ரொம்ப அக்கறையாக நலம் விசாரிக்கிறார்.

காரின் டேங்க் காலியானதும் கழுவிய பெட்ரோலை நிரப்பினேன். உங்கள் அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். சம்பந்தியம்மாவை ஆட்டோவில் அனுப்ப மனம் வரவில்லை. இந்தப் பெட்ரோலின் முதல் ஓட்டத்தில் அவர்களே உட்கார்ந்து வரட்டும் என்று அழைத்துப் போனேன். கொஞ்ச தூரம் போனதும் என்ஜினில் டக டக என்று ஒரு சத்தம்.

"என்ன சம்பந்தி, வண்டி இருமுது?"

"சுத்தமான பெட்ரோல் இல்லையா, இன்னும் பழகலைம்மா."

"அது பழகறதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிடுமா?"

போகவில்லை. மேம்பாலத்தின் சரியான உச்சியில் கார் இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. நான் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே உங்கள் அம்மா இறங்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர்கள் அல்லவா, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு, சாலை நடுவில் நின்று கையை நீட்டினார்கள். முதலில் ஒரு பஸ் நின்றது, அதன் பின்னால் ஊரே நின்றது. ஒவ்வொரு வண்டியாகக் கைகாட்டி விலக்கி அனுப்பினார்கள். முழங்கால் வலிப்பதாக அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இழுவை வண்டி வந்ததும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வேறு வண்டி பிடிக்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? அந்தக் கோடியில வர்ற பஸ்ஸையே நிறுத்திட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

சர்வீஸ் சென்டரில் டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு அதே ஆலோசகர் தம்பி வந்தார். "டேங்க் அடியில தண்ணி இருக்கு சார். பம்ப் போயிடுச்சு. பங்க்ல ஏதோ கலப்படம் பண்ணியிருப்பாங்க. கவலைப்படாதீங்க, அப்படியே எழுதிடறேன், எல்லாம் வாரண்டிலயே பாத்துக்கலாம்" என்றார்.

இங்கேதான், மாப்பிள்ளை, என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பெட்ரோல் போடுகிறவர் என்ன பாவம் செய்தார்? வெயிலில் நின்று ஊற்றுகிறவர் தலையில் என் தண்ணீரை ஏற்றலாமா? மேலும் நான் பணியில் இருந்தவரை சோதனைக்கு ஒரு தண்ணீர் மாதிரி என் கைக்கு வந்து, அறிக்கை இல்லாமல் திரும்பிப் போனது கிடையாது. "தம்பி, அது பங்க் தண்ணி இல்ல. என் தண்ணி" என்றேன். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, நோக்கம், செய்முறை, முடிவு என்று இரண்டு பக்கமும் எழுதி, தலைமை ஆய்வாளர், ஓய்வு, என்று கையெழுத்துப் போட்டேன்.

"சார், இது வேணாமே" என்றார் தம்பி.

"ஏன்?"

"இல்ல சார், வேணாம்னு தோணுது."

உங்கள் அம்மாவும், "எழுதினது போதும், கிளம்பலாம் சம்பந்தி" என்று இரண்டு தடவை சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இந்த வண்டியில் கையேட்டு வரம்பை மீறி ஒரு சொட்டு எத்தனால்கூட என் கையால் போகவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் என்ன வேண்டும்? தம்பி அறிக்கையைப் படித்தார், மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். மேனேஜர் நின்றுகொண்டே படித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்குத் தேநீர் வரவழைத்தார். இதுவரை எந்த வாடிக்கையாளரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை என்றார். அறிக்கையின் பிரதியை மேலிடத்துக்கே அனுப்புகிறார்களாம். வாரண்டி விஷயத்தில் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வேலையில் உங்களுக்கு மேலும் மேலும் உயர்வு வரட்டும். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒருவரை ஒருவர் அனுசரித்துப் போங்கள். நீண்ட ஆயுளும் குறையாத செல்வமும் பெற்று வாழ நானும் உங்கள் அத்தையும் மனமார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் ஆலோசகர் தம்பி போன் செய்தார். மேலிடத்தில் வாரண்டியை மறுத்துவிட்டார்களாம். காரணம், எரிபொருளை வாடிக்கையாளரே மாற்றியமைத்தது. ஆதாரம், என் அறிக்கை. நான் கையேட்டைக் காட்டி வழக்காடுவதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது, உங்கள் அத்தை பீரோவைத் திறந்து இன்னொரு கையேட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். உங்கள் காரின் கையேடு அதுதான், நீங்கள் கிளம்பும்போது அவளிடம் கொடுத்துப் போனதாம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. நான் படித்தது, எப்போதோ விற்றுவிட்ட என் பழைய காருடையது. ஒரே கம்பெனி, ஒரே நீல அட்டை. காகிதங்கள் பத்திரமாக ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று உங்கள் காரில் அதை வைத்ததும் நான்தான். புதியதில் இருபது சதவீதம் வரை தாராளமாகப் போடலாம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் வாரண்டி இருந்திருக்கும். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், கையெழுத்து நன்றாக வந்திருப்பதால் மனம் வரவில்லை. பம்ப்புக்கான செலவு என்னுடையது, அதைப் பற்றிப் பேசவேண்டாம். அறிக்கை எழுதியதற்கு நான் வருந்தவில்லை, தண்ணீர் என்னுடையதுதான். ஆனால் நீங்கள் நம்பி விட்டுப் போனதைக் கெடுத்துவிட்டேன், அது எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. உங்களைப் பற்றி எனக்குத் தெரியும். மாமாவை எப்படிக் கேட்பது என்று, "பரவாயில்ல மாமா, வண்டிதானே" என்பீர்கள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. ஒருமுறை போன் செய்து, மரியாதை எல்லாம் பார்க்காமல், என்னை நன்றாகத் திட்டிவிடுங்கள். உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் என் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிப் போனைக் கொடுங்கள், அவளுக்கு வரும்.