மழையில் கரைந்துபோன பள்ளங்கள்

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் உசிலங்கரைக்குத் தார்ச்சாலை உண்டு. இதை நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. சாலை போட்டாயிற்று, பில் பாஸாயிற்று, திறப்பு விழாவில் கேசரி கூடக் கொடுத்தாயிற்று. சாலையை மட்டும் ஊரில் யாரும் பார்த்ததில்லை. "ரெண்டாவது மழையில கரைஞ்சு போச்சுய்யா" என்றார் ஒப்பந்தக்காரர் வெள்ளைத்துரை. எங்கள் பக்கம் அந்த வருஷம் முதல் மழையே வரவில்லை என்பதை அதிகாரிகள் பெரிதுபடுத்தவில்லை.

நான் பெரிதுபடுத்தினேன். ஏழாயிரம்பண்ணையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் உசிலங்கரை ஊழல் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவரும் ஆவேன். செயலாளரும் நானே. பொருளாளர் பதவி, பொருள் இல்லாததால் காலியாக இருக்கிறது. வெள்ளைத்துரைக்கு எதிராக நான் எழுதிய மனுக்களை அடுக்கிப் போட்டிருந்தாலே ஊருக்கு ஒரு சாலை ஆகியிருக்கும்.

விளையாட்டுப் பேச்சை விட்டுவிட்டுச் சொல்கிறேன், அந்தப் பாதையால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற இன்பம் என்பவளின் மூத்த மகளுக்கு ஒரு வருஷம் இடுப்பு வலி எடுத்தபோது, கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். மூன்றாவது பள்ளத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நர்ஸம்மா பியூலா கூட இருந்ததால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். குழந்தைக்கு அழகாக ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் அதைப் பள்ளத்தம்மாள் என்றுதான் கூப்பிடுகிறது.

அடுத்த வருஷம் இன்பத்தின் இளைய மகள் ஜாஸ்பின் மாசமாக இருந்தாள். இந்தப் பிள்ளையாவது கட்டிலில் பிறக்க வேண்டும் என்று பியூலா கங்கணம் கட்டிக்கொண்டு, தன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊராட்சிகளைக் கவனிக்கும் தனி அலுவலர் லட்சுமிகாந்தத்தைப் பார்க்கப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"ரோடு வேணும் சார்" என்றார் பியூலா.

"ரோடு இருக்கிறதே, அம்மா" என்றார் லட்சுமிகாந்தம்.

"இல்ல சார்."

"கோப்பில் இருக்கிறது. இருக்கிற சாலையின் மேல் இன்னொரு சாலை கேட்பது பொதுநிதியை விரயம் செய்வதாகும்."

"அப்ப ஆம்புலன்ஸ் ஏன் சார் வர மாட்டேங்குது?"

லட்சுமிகாந்தம் கண்ணை மூடி யோசித்தார். அவர் யோசிக்கும்போது அலுவலகமே அமைதியாகிவிடும். "சாலையில் குறை இருக்க வாய்ப்பில்லை. ஆகவே குறை வாகனத்தில் இருக்கிறது. உங்களுக்குத் தேவை சாலை அல்ல. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற நம்பகமான ஒரு வண்டி" என்றார்.

ஏதோ ஒன்று வந்தால் சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

உடனே 'கடும்பாதை நாற்சக்கர இயக்க வாகனத் தேர்வுக் குழு' என்று ஒன்று அமைந்தது. நிபுணர் உறுப்பினராகச் சிவகாசியில் அச்சகமும் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை சபரிநாதன் நியமிக்கப்பட்டார். அவரிடம் அப்படியொரு வண்டி இருந்ததே தகுதி. மேலே ஏற ஏணி, சேற்றில் சிக்கினால் இழுக்க இரும்புக் கயிறு, வெள்ளத்தில் இறங்கினால் இன்ஜின் மூச்சு விட ஒரு குழாய், எல்லாம் அதில் உண்டு. அந்தக் குழாய் இதுவரை இழுத்த மூச்செல்லாம் சிவகாசி பஜார் தூசிதான்.

அப்போது சிவகாசியில் அதுதான் பவுசு. காய்கறி வாங்கக்கூட மலையேறும் வண்டியில்தான் போவார்கள். ஒரே ஒரு குறை, நம் ஜில்லாவில் சேறு கிடைக்காது. சேறு படாத மலையேறும் வண்டியை யார் மதிப்பார்கள்? சபரிநாதன் தன் அச்சகத்திலேயே சேறு தெறித்த மாதிரி ஸ்டிக்கர் அடித்துவிட்டார். 'சாரல்', 'அடைமழை' என்று இரண்டு ரகம். சீசனில் காலண்டரை விட அதற்குத்தான் ஆர்டர் அதிகம் என்று கேள்வி.

குழுவின் முதல் கூட்டத்துக்குப் பியூலாவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"வயித்துப் பிள்ளைக்காரி ஏறணும் சார். படி தாழ்வா இருக்கணும்" என்றார் பியூலா.

"படி தாழ்ந்தா கெத்து போயிரும் சிஸ்டர்" என்றார் சபரிநாதன்.

லட்சுமிகாந்தம் குறிப்பெழுதுபவரைப் பார்த்து, "கெத்து என்று எழுதாதீர்கள். தோற்றப் பொலிவு என்று போடுங்கள்" என்றார்.

"பக்கத்துல சாத்தூர்லயே ரிப்பேர் பாக்குற வண்டியா இருந்தா நல்லது சார்."

"ரிப்பேர் ஆகும் என்று முன்கூட்டியே நினைப்பது நம்பிக்கையின்மை. நாம் தேடுவது நம்பகமான வாகனம்."

பியூலா பொறுமைசாலி. ஊசி போடும்போது அழுகிற பிள்ளைகளைச் சமாளித்துப் பழகியவர். "எது நம்பகமான வண்டின்னு கண்டுபிடிக்கிறது லேசு சார். எங்க ஊர்ப் பாதையில ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. அச்சு முறியாம வந்துச்சுன்னா அதான் நல்ல வண்டி" என்றார்.

லட்சுமிகாந்தம் பதறிவிட்டார். "உங்கள் ஊர்ப் பாதை தார்ச்சாலை, அம்மா! கடும்பாதை வாகனத்தைத் தார்ச்சாலையில் ஓட்டிச் சோதித்தால், தணிக்கையில் நான் என்ன பதில் சொல்வது?"

ஆகவே சோதனைக்காகவே ஒரு மோசமான பாதையைப் புதிதாகப் போடுவதென்று தீர்மானமாயிற்று. எங்கள் ஊர் 'தார்ச்சாலை'க்குப் பக்கத்திலேயே புறம்போக்கு நிலம் கிடந்ததால், மெயின் ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் அதிலேயே போடலாம் என்றார்கள். வேலை வெள்ளைத்துரைக்குப் போயிற்று. மோசமான பாதை போடுவதில் முன் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான் என்றார் லட்சுமிகாந்தம். வாழ்க்கையில் முதல் முறையாக நான் அரசாங்கத்தோடு ஒத்துப்போனேன்.

விதிமுறைகள் கறாராக இருந்தன. முதலில் தரையைச் சமப்படுத்தி, சரளை கொட்டி, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். அப்போதுதான் பள்ளத்தின் ஆழத்தைச் சரியாக அளக்க முடியுமாம். அதன் பிறகு முழங்கால் ஆழத்தில் பள்ளங்கள் தோண்டி, பாறாங்கல் உருட்டி, தண்ணீர் லாரி விட்டுச் சேறாக்க வேண்டும்.

வெள்ளைத்துரை வழக்கம்போலப் பாதி வேலையைச் செய்து முழு பில்லை வாங்கிக்கொண்டார். போன தடவை பாதி வேலை என்பது இருந்த பாதையைக் கிண்டிப் போட்டது. இந்தத் தடவை பாதி வேலை என்பது சமப்படுத்தி ரோலர் விட்டது. மனிதர் மாறவில்லை, வேலையின் வரிசை மாறிவிட்டது.

ஒரு நாள் காலையில் பார்த்தால் ஊருக்குப் பாதை கிடக்கிறது! கம்பெனி வேன் குலுங்காமல் ஊருக்குள் வந்து திரும்பியது. பியூலா ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார். பாட்டு நடுவில் அறுபடவே இல்லை. எனக்கு மட்டும் வயிறு எரிந்தது. ஒப்பந்தப்படி ஒரு பள்ளம்கூடத் தோண்டாமல் இந்த மனிதர் அரசாங்கத்தை ஏமாற்றியிருக்கிறாரே! பேனாவை எடுத்தேன்.

இன்பம் பார்த்துவிட்டாள். "ஏண்ணே, எங்கன கெளம்புறீக?"

"பள்ளம் தோண்டல. மனு போடப் போறேன்."

"அந்தப் பேனாவ மூடி வைங்கண்ணே. எம்மகளுக்கு மாசம் நெருங்கிருச்சு. ஆம்புலன்சு வாசல் வரைக்கும் வரப்போவுது. எங்க வாயில மண்ணள்ளிப் போட்டுறாதீக."

மூடி வைத்தேன். சங்கத்தின் வரலாற்றில் அது ஒரு கறுப்பு நாள்.

சோதனை நாளும் வந்தது. வரிசையாக மூன்று புது வண்டிகள் ஓடின. மூன்றும் அலுங்காமல் குலுங்காமல் ஊர்வரை வந்து திரும்பின. லட்சுமிகாந்தம் கையிலிருந்த டீ டம்ளரிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "முழங்கால் ஆழப் பள்ளம், சார். ஒன்னாவது தெரிஞ்சுதா?" என்றார் சபரிநாதன். "தெரியவே இல்லையே!" என்று வியந்தார் லட்சுமிகாந்தம். "அதான் சார் நாலு சக்கர இழுவையோட மகிமை." பின்னாலேயே பியூலாவின் ஸ்கூட்டர் வழி கேட்டு ஹார்ன் அடித்ததை இருவரும் கவனிக்கவில்லை.

மூன்றில் எதில் ஏசி அதிகமாகக் குளிர்ந்ததோ, அது தேர்வாயிற்று. "எப்ப சார் எங்க ஊருக்கு வண்டி வரும்?" என்று கேட்டார் பியூலா. "விலை உயர்ந்த வாகனம், அம்மா. கரடுமுரடான பாதையில் ஓட்டினால் கெட்டுவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டி லட்சுமிகாந்தத்தின் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே, நல்ல தார்ச்சாலையில் ஓடியது. கள ஆய்வுக்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் 'அடைமழை' ஒட்டிக்கொண்டார்.

எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். தணிக்கைக்காரர்கள் வந்து கெடுத்தார்கள். "பாதையில் பள்ளங்களைக் காணோமே, எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள்.

வெள்ளைத்துரை கொஞ்சமும் அசரவில்லை. "மழையில கரைஞ்சு போச்சு" என்றார்.

தனி அலுவலர் நேரில் பார்த்து, பள்ளம் இல்லையென்றால் உடனே ஜேசிபி வைத்துத் தோண்டச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊர் வெலவெலத்துப் போயிற்று. ஜாஸ்பினுக்கு இன்றோ நாளையோ என்று இருந்த நேரம். சங்கத்தின் அவசரக் கூட்டத்தைக் கூட்டினேன். இத்தனை காலம் பாதை மோசம் என்று மனுப் போட்டும் நம்பாதவர்களை, நல்ல பாதையை மோசம் என்று நம்ப வைக்க வேண்டும்.

"வேன்ல போறப்ப நாங்களே குதிச்சுக் குதிச்சு வாறோம்" என்றாள் இன்பம். "பழக்கந்தான?"

"நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் பியூலா. பிறகு கொஞ்சம் யோசித்து, "கேட்டாத்தான சொல்லணும்? நான் பாட்டுக்கு ஸ்கூட்டர்ல குலுங்கிட்டுப் போறேன்" என்றார்.

மறுநாள் லட்சுமிகாந்தம் 'அடைமழை' வண்டியில் வந்து இறங்கினார். "எனக்குப் பள்ளம் எதுவும் தெரியவில்லையே" என்றார்.

"உங்க வண்டி அப்படி சார்" என்றேன் நான்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருந்தாலும் கடமை தவறாதவர். "மற்ற வாகனங்கள் வரட்டும், பார்ப்போம்" என்று ஓரமாக நின்றார். கம்பெனி வேன் வந்தது. உள்ளே பெண்கள் எழும்பி எழும்பி விழுந்தார்கள். தூக்குவாளிகள் கடகடவென்று உருண்டன. இன்பம் வேண்டுமென்றே கூரையில் தலையை இடித்துக்கொண்டு, "யாத்தே, என் இடுப்பு!" என்றாள். பியூலா ஸ்கூட்டரில் குலுங்கியபடி வணக்கம் வைத்தார். லட்சுமிகாந்தம் தாடையைத் தடவினார். பாதி நம்பிக்கைதான் வந்திருந்தது. அப்புறம் குனிந்து பாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. இது எங்கள் திட்டத்தில் இல்லை. ஜாஸ்பினுக்கு நிஜமாகவே வலி கண்டுவிட்டது. டிரைவருக்கு எங்கள் நாடகம் எதுவும் தெரியாது. அலுங்காமல் குலுங்காமல் ஓட்டிக்கொண்டு வந்தார். ஆனால் ஜாஸ்பின் போட்ட சத்தம் வெம்பக்கோட்டை அணை வரைக்கும் கேட்டிருக்கும்.

லட்சுமிகாந்தம் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயையோ! பிள்ளைத்தாய்ச்சி எப்படி அலறுகிறாள், பாருங்கள்! என்ன பயங்கரமான பள்ளங்கள்!"

பியூலா ஸ்கூட்டரை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டார். இன்பமும் வேனிலிருந்து குதித்து ஓடினாள். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. சாத்தூர் ஆஸ்பத்திரியில், கட்டிலில், மெத்தை மேலே ஜாஸ்பினுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பியூலா போனில் சொன்ன பிறகு, அன்று முழுக்கக் கடையில் யாரிடமும் நான் ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை.

'பள்ளங்கள் மிகச் சிறப்பாகவும், பொதுமக்கள் கதறும் வண்ணமும் அமைந்துள்ளன' என்று லட்சுமிகாந்தம் சான்று கொடுத்தார். இவ்வளவு நல்ல பள்ளங்கள் வீணாகிவிடக் கூடாது என்று, வருஷா வருஷம் அவற்றை ஆழப்படுத்திப் பராமரிக்கும் வேலையும் வெள்ளைத்துரைக்கே போயிற்று. வருஷா வருஷம் அவர் பில் போடுகிறார். பாதைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. போன பொங்கலுக்கு அவரை ஊருக்கு அழைத்து மாலை போட்டோம். 'யாருக்கும் குழி பறிக்காத உத்தமரே, வருக!' என்று பிளெக்ஸ் வைத்தோம். வாசகம் என்னுடையது.

இப்போது ஒரு கஷ்டம் வந்திருக்கிறது. லட்சுமிகாந்தம் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் மணிகண்டராஜ் பொல்லாத நேர்மைக்காரராம். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறார். அடுத்தவர் காசில் டீ கூடக் குடிப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய வேலை எழுதியபடி நடந்தாக வேண்டும் என்று சொல்லி, எங்கள் பாதைக் கோப்பைக் கையில் எடுத்திருக்கிறாராம்.

ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இன்பத்தின் மருமகள் வேறு இப்போது மாசமாக இருக்கிறாள். அந்த மனிதரை உடனடியாக வேறு ஜில்லாவுக்கு மாற்றும்படி மனு தயாரித்திருக்கிறோம். பியூலா கையெழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளைத்துரை அண்ணாச்சி நாளைக்கு வந்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஊழல் எதிர்ப்புச் சங்கத்தின் முத்திரையைக் குத்தி முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன்.