ஐம்பத்து நான்கு மாப்பிள்ளைகள்

காதலிக்கும் பெண்ணின் அப்பாவிடம் "எனக்கு எக்செல் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். நான் தெரியாமலே சொன்னவன்.

சுமதியின் அப்பா முனியாண்டி அங்கிள், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் வரை போய், அவர் மகளைக் கட்டிக்கொள்ள ஆசை என்று சொன்னேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பழைய ரப்பர் தோட்டத்து மக்களின் ஒன்றுகூடலுக்கு அறுபது டீசட்டை அடிக்கப் பட்டியல் தயார் செய்யச் சொன்னார். ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் அவரவர் பட்டப்பெயர் வேண்டும். இது அப்பா உனக்கு வைத்த பரீட்சை என்று சுமதி எச்சரித்தாள்.

எக்செல்லின் முதல் தாளில் பெயரும் சட்டை அளவும். இரண்டாம் தாளில் சுமதியின் அம்மா போனில் சொல்லச் சொல்ல நான் தட்டிய பெயர்களும் பட்டப்பெயர்களும். பெயரை வைத்து, இரண்டாம் தாளிலிருந்து பட்டப்பெயரை இழுத்துவர ஒரு ஃபார்முலா. என்னையும் சேர்த்து முதல் ஆறு பேருக்கு ஒழுங்காக வந்தது. ஏழாவதிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் 'என்.ஏ.' (தேடியது கிடைக்கவில்லையாம்.)

காரணம் இப்போது தெரியும். முதல் தாளுக்கு எல்லோரும் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயரை அனுப்பியிருந்தார்கள். அம்மா சொன்னதோ வீட்டில் கூப்பிடும் பெயர். ஐ.சி.யில் சுப்பிரமணியம், வீட்டில் ராஜா. கணினி பாவம், என்ன செய்யும்?

அன்று அது எனக்கு உறைக்கவில்லை. கிடைக்காவிட்டால் இந்தச் சொல்லைப் போடு என்று ஃபார்முலாவிடம் சொல்லிவைக்கலாம் என்று மட்டும் கண்டுபிடித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு சொல் வேண்டும். அந்த நாட்களில் என் மண்டைக்குள் ஒரே சொல்தான். "மாப்பிள்ளை" என்று தட்டினேன். பிழையெல்லாம் மாயம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தேன். மறுநாள் அச்சுக்கடைக்காரர் அவசரப்படுத்த, முதல் ஆறு வரியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்றுகூடலன்று பெட்டியைப் பிரித்தார்கள். ஐம்பத்து நான்கு மாப்பிள்ளைகள். தோட்டத்தில் ஆட்களை மேய்த்த எழுபது வயது மண்டோர் மாப்பிள்ளை, அவர் மனைவியும் மாப்பிள்ளை. சுமதியின் அம்மாவும்கூட. தப்பித்த ஆறு பேரில் ஒருவனான என் முதுகிலோ 'ஈப்போக்காரன்' என்று அழகாக அச்சாகியிருந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றால் சாவி சுமதியிடம்.

முனியாண்டி அங்கிள் தன் சட்டையை விரித்துப் படித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அங்கிள், அது சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டது."

"டெஸ்ட்டுக்குப் போட வேற வார்த்தையே கெடைக்கலியா தம்பி?"

அவர் அந்தச் சட்டையை நிதானமாகப் போட்டுக்கொண்டார்.

"இங்க எல்லாரும் மாப்பிள்ளயாயிட்டாங்க லா. நீ ஒருத்தன்தான் பாக்கி. வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க அப்பா அம்மாவ கூட்டிட்டு வா."

எங்கள் கல்யாணத்துக்குப் பாதிப் பேர் அதே சட்டையில் வந்தார்கள். "மாப்பிள்ளைய அழைச்சிட்டு வாங்க" என்று ஐயர் குரல் கொடுத்ததும் மண்டபத்தில் முப்பது பேர் எழுந்தார்கள். முதலில் எழுந்தவர் என் மாமியார்.