இரண்டாவது கிளிப்

ஒரு நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே அந்த மாபெரும் முடிவை எடுத்தேன். இனி பெண்டாட்டி சொல்வதைக் கேட்பது போல நடிப்பது. கேட்பதில்லை.

எனக்குத் தொழில் நண்டு. ஒரு சின்ன பைபர் படகு, பின்னால் ஒரு மோட்டார், நான் ஒருவன். மோட்டார் வாங்கும்போது கூடவே ஒரு சிவப்புச் சுருள் கயிறு கொடுப்பார்கள். ஒரு முனையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். மறு முனையில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். மோட்டாரில் இருக்கும் சிவப்புப் பொத்தானுக்கு அடியில் அதைச் செருகினால்தான் எஞ்சின் ஓடும். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபடும், கிளிப் பிடுங்கிக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். விழாதவனுக்கு அது எதற்கு என்பது என் கட்சி.

ஏனென்றால் கடலில் இறக்கிவைத்த நண்டுக் கூண்டைத் தூக்க நான் முன்பக்கம் போக வேண்டும். நாலடி வைப்பதற்குள் கயிறு இழுக்கும், எஞ்சின் நிற்கும். திரும்பி வந்து, கிளிப்பைச் செருகி, ஸ்டார்ட்டரை இழுத்து, தோள்பட்டை கழன்று, நிமிர்ந்து பார்த்தால் கூண்டின் மிதவை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"அந்தக் கயிறைக் கழட்டி வச்சுட்டுப் போனா என்னவாம்?" என்று அவளிடம் கேட்டேன்.

"எங்க அண்ணனும் இதையேதான் கேட்டான்" என்றாள்.

அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேச முடியாது. மச்சான் போன வருஷம் செத்தான். தனியாகப் போனவனை ஒரு அலை தூக்கி வெளியே போட்டிருக்கிறது. ஆள் விழுந்தது எஞ்சினுக்குத் தெரியாதே. மோட்டாரின் கைப்பிடி தானாக ஒரு பக்கம் திரும்ப, படகு வட்டம் போட ஆரம்பித்தது. அவன் என்னைவிட நன்றாக நீந்துவான். படகைப் பிடிக்கத்தான் நீந்தியிருப்பான். படகு சுழலும் விசிறியோடு அவன் மேலேயே திரும்பி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீரும் வரை கிட்டப் போக முடியாமல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். துணியில் பொட்டணமாகச் சுற்றித்தான் கொண்டுவந்தோம்; முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை. அவனுடைய சிவப்புக் கயிறு அவன் வீட்டு ஆணியில், உறைகூடப் பிரிக்காமல் தொங்கியது. தொலைந்துவிடக் கூடாதென்று பத்திரமாக வைத்திருந்தான்.

அன்றிலிருந்து தினமும் படகுத்துறையில் எனக்குப் பரிசோதனை.

"கையைக் காட்டுங்க."

"இதோ."

"அந்தப் பக்கம் மாட்டியிருக்கா?"

"மாட்டியாச்சும்மா. கழுத்துலயும் ஒண்ணு கட்டிக்கவா?"

"அது நான் எப்பவோ கட்டிட்டேன். கிளம்புங்க."

ஆகவே திட்டம் தீட்டினேன். வீட்டில் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதன் விளிம்பிலிருந்து லாடம் மாதிரி ஒரு துண்டை வெட்டி, தேய்த்து, பொத்தானுக்கு அடியில் செருகினேன். கச்சிதம்! உண்மையான கிளிப்பை அதன் மேலேயே சும்மா ஒட்டினாற்போல மாட்டிவிட்டேன். துறையிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். உண்மையான கிளிப் பிடுங்கிக்கொண்டாலும் எஞ்சின் நிற்காது. ஒரு வாரம் ராஜாவாக இருந்தேன்.

"ஏங்க, வாளியில ஒரு துண்டைக் காணோமே?"

"எலியா இருக்கும்."

"எலி லாடம் மாதிரியா கடிக்கும்?"

"படிச்ச எலியோ என்னமோ."

அவள் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சண்டை போட்டால் தப்பிக்கலாம். பேசாமல் இருந்தால் ஆபத்து. இது தெரிந்தும் நான் நிம்மதியாகத் தூங்கினேன், மடையன்.

மறுநாள் துறையில் அவளும் படகில் ஏறினாள்.

"நீ எங்கே?"

"அண்ணன் விழுந்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும்."

இதற்கு எந்தப் புருஷன் மாட்டேன் என்பான்? மிதவை அங்கியைக் கொடுத்தேன். பாதி வழியில், "நகருங்க, நான் ஓட்டுறேன். அண்ணன் சொல்லிக்கொடுத்திருக்கான்" என்றாள். என் கையிலிருந்த கயிற்றைக் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டாள். என்னைவிட நேராக ஓட்டினாள்.

"இங்கேதானே?"

"இங்கேதான்."

தண்ணீரில் பார்க்க ஒன்றுமே இல்லை. மற்ற இடம் போலத்தான் இருந்தது. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். எஞ்சினை நிறுத்தவில்லை.

"இப்ப நான் விழுந்தா இது நிக்குமா?"

"நிக்கும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப விழுந்து பார்க்குறேன்."

கைப்பிடியை விட்டுவிட்டு எழுந்தாள். ஒரு காலைப் படகின் விளிம்பில் வைத்தாள். கைப்பிடி மெல்லத் திரும்பியது. படகு சாய்ந்து வட்டம் போட ஆரம்பித்தது. போன வருஷம் நான் தள்ளி நின்று பார்த்த அதே வட்டம்.

நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. நண்டுக் கூடையை மிதித்து, முழங்கால் கிழிந்து, பாய்ந்து என் வாளித் துண்டைப் பிடுங்கினேன். எஞ்சின் நின்றது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. அசிங்கமாக அழுதேன்.

அவள் காலை எடுத்து உள்ளே வைத்து உட்கார்ந்தாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? நான் போய்க் குதிப்பேனா?"

"தெரியும். அதனாலதான்..."

"என் உசிருன்னா இப்படிப் பதறுது. உங்க உசிருன்னா மட்டும் எலி கடிச்சுதா?"

அவள் வாளித் துண்டுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். தண்ணீரில் வீசினாள். அது முங்காமல் மிதந்தது. "ஒரு தடவை பொட்டணமாப் பார்த்தது போதும்ங்க" என்றாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் நியாயத்தைச் சொன்னேன். "முன்னாடி போனா எஞ்சின் நின்னுடுதே. கூண்டை எப்படித்தான் தூக்குறது?"

"ஓட்டுறவங்க கயிறைக் கட்டிக்கிட்டு ஓட்டணும். தூக்குறவங்க தூக்கணும். அண்ணன் படகுல இன்னொரு ஆள் இல்லை. அதான்."

உண்மையான கிளிப்பைப் பொத்தானுக்கு அடியில் செருகினாள். ஸ்டார்ட்டரை ஒரே இழுப்பு. என் தோள்பட்டைக்கே அவமானமாக இருந்தது. மிதவைக்கு மிதவை அவள் படகைக் கொண்டுபோய் நிறுத்த, நான் முன்னால் குனிந்து குனிந்து தூக்கினேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சீக்கிரம் நான் என்றைக்குமே கரை திரும்பியதில்லை.

துறையில் நண்டு வாங்குகிற தம்பி நின்றிருந்தான். மோட்டார் பக்கம் அவளையும், முன்பக்கம் கூடையோடு என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னக்கா, இன்னைக்கு நீங்க ஓட்டுறீங்க? அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். கூண்டு தூக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, சேர்த்துக்கிட்டேன்."