என் பூட்டு நன்றாக உள்ளது

சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். நான் இருபத்திரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் ஒற்றுப்பிழை எங்கே என்று பார்ப்பேன். பரோட்டாக் கடைப் பலகையில் எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி, குருமா ஊற்றாமல் அனுப்பப்பட்டவன். இந்தப் பழக்கத்தால் என்னைத் தவிர வேறு யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு நாள், நாலு பேர் முன்னால் ஒரு பெண்ணைத் திருடி ஆக்கினேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

எங்களிடம் ஒரு பழைய கார் உண்டு. இரண்டாவது கையாக வாங்கியது. வருடத்துக்கு ஒருமுறை விழுப்புரத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவோம். கம்பெனியில் வண்டியை விடுவதைப் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஒரே கருத்துதான்: உரித்துவிடுவார்கள். ஒருவர் வைப்பர் மாற்றப் போய் நாலு டயர் மாற்றி வந்த கதையைச் சொல்வார். இன்னொருவர் அதைவிடப் பெரிய கதை வைத்திருப்பார். எனக்கு மட்டும் அப்படி ஒரு கதை இல்லையே என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது.

அந்த வருடம் வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் போன் வந்தது. சர்வீஸ் அட்வைசராம். பெயர் பவித்ரா. குரலை வைத்துப் பார்த்தால் என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது இருக்கும்.

"சார், வண்டிய செக் பண்ணிட்டோம். லெஃப்ட் சைடு முன்னாடி பூட்டு போயிடுச்சி சார். மாத்தணும்."

"பூட்டா?"

"ஆமா சார். கிரீஸ்லாம் வெளிய வந்துகினு இருக்கு. இப்ப உட்டீங்கன்னா ஃபுல் லாக் பண்ணித் திருப்பும்போது சத்தம் வரும். அப்பறம் ஒரு நாள் வழியில நின்னுடும் சார். எஸ்டிமேட் வாட்ஸப்ல போட்டுருக்கேன்."

எஸ்டிமேட்டைத் திறந்தேன். மொத்தம் இருபத்து மூவாயிரத்துச் சொச்சம். ஏசியில் கிருமி நீக்கம், அடியில் துருப் பூச்சு, சீட்டுக்குச் சலவை, எலி வராமல் இருக்க ஒரு மருந்து. இப்படி ஒரு முழ நீளப் பட்டியல். கடைசியில் இங்கிலீஷில் BOOT KIT என்று ஒரு வரி. கூலியோடு சேர்த்து ஆயிரத்து எண்ணூறு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது (அதுதான் வினை). இடது பக்கம் முன்னால் இருப்பது என் மனைவி கஸ்தூரி உட்காரும் கதவு. அந்தக் கதவுப் பூட்டை நான் அன்று காலையில்கூடப் பூட்டித் திறந்திருந்தேன். இல்லாத குறைக்கு ஆயிரத்து எண்ணூறு. அதையும் ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. பூட்டு என்கிற நல்ல தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் போடுகிறவர்கள் 'P'க்குப் பதில் 'B'யில் தொடங்கி, இரண்டு 'T' போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டு, உகரத்தை முழுங்கி வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் பணத்துக்காக வந்ததா எழுத்துக்காக வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

"இன்னாங்க, ரெண்டாயிரத்துக்குள்ளதான, மாத்திட்டுப் போவட்டும்" என்றாள் கஸ்தூரி. அவளுக்கு இரண்டு மாதத்தில் விழுப்புரத்தில் துறைத் தேர்வு. தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். கணக்குத் தாளில் இரண்டு முறை போய்விட்டது. அதைத் தேறினால்தான் அடுத்த பதவி. சமையலறையில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர்) உரிக்கும்போதுகூட எதிரே புத்தகம் விரிந்திருக்கும். "எனக்கு வண்டி நேரத்துக்குப் போவணும். அவ்ளோதான்" என்றாள்.

அதற்குள் நான் அலமாரியைத் திறந்துவிட்டேன். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டேன்.

சர்வீஸ் சென்டரில் வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எனக்கு வகுப்பறை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பவித்ரா கையில் எஸ்டிமேட் செருகிய அட்டையோடு வந்தாள். மெலிந்த பெண். கழுத்தில் அடையாள அட்டை.

"எந்தப் பூட்டும்மா போயிடுச்சி?"

"லெஃப்ட் முன்னாடி சார்."

வண்டிக்கு நடந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கைக்கு எழுந்து வந்தார்கள். நான் இடது கதவைச் சாத்தி, சாவி போட்டுப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டி, கதவில் காதை வைத்தேன்.

"ஃபுல்லா லாக் பண்ணித் திருப்பிட்டேன். சத்தம் வருதா?"

"சார், அது ரன்னிங்லதான் வரும்."

"ஓடற வண்டியில எவம்மா பூட்டத் திருப்பிக்கினு இருப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் என் நகைச்சுவைக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு ஒரு வகுப்பிலும் கிடைத்ததில்லை. அதற்குமேல் என்னைப் பிடிக்க முடியவில்லை.

"சார், வண்டிக்குக் கீழ இருக்கற பள்ளத்துல எறங்கினா நானே காட்டறேன் சார், ஒரு நிமிஷம்" என்றாள் அவள்.

"பூட்டு மேல இருக்குது. கீழ எறங்கி இன்னாத்தப் பாக்கறது?" (வெள்ளைச் சட்டை வேறு.)

"வேணாம்னா ரெஃப்யூஸ்டுன்னு எழுதி சைன் பண்ணிடுங்க சார்" என்று அட்டையை நீட்டினாள். குரல் இறங்கிவிட்டிருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். BOOT என்பதை வட்டமிட்டு, பக்கத்தில் POOTTU என்று திருத்தினேன். கீழே, 'என் பூட்டு நன்றாக உள்ளது. ஓசை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பழக்க தோஷத்தில் பத்துக்கு இரண்டு மதிப்பெண்ணும் போட்டேன்.

"மொதல்ல எழுதக் கத்துக்கணும். அப்பறம் ஏமாத்தலாம்" என்றேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த இடத்தைத்தான் என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. அங்கிருந்த மூன்று பேர் தங்கள் எஸ்டிமேட்டையும் ரத்து செய்யச் சொன்னார்கள். ஒருவர் எனக்குக் கை கொடுத்தார்.

பூட்டையும் துருப் பூச்சையும் சலவையையும் அடித்துவிட்டு, கிருமி நீக்கத்தையும் எலி மருந்தையும் வைத்துக்கொண்டேன். மாமனார் வீட்டிலிருந்து மல்லாட்டை மூட்டை ஏற்றி வருவதால் எலி பயம் உண்டு. ஆக, அந்தப் பட்டியலில் வண்டிக்கு உண்மையாகத் தேவைப்பட்ட ஒரே ஒரு வேலையைத் தேடிப் பிடித்து வேண்டாம் என்றவன் நான்.

மிச்சமான பணத்தில் டாஷ்போர்டில் பெரிய டச் ஸ்கிரீன் ஒன்று மாட்டினேன். போனை அதோடு இணைத்தால் கூப்பிடுகிறவர் பெயர் கடைப் பலகை அளவுக்குத் தெரியும், தமிழிலேயே. பவித்ராவின் எண்ணையும் சேமித்துக்கொண்டேன், 'பூட்டுத் திருடி' என்று. திருடியாக இருந்தாலும் ஒற்று விடக்கூடாது என்பதால் 'த்' போட்டுத்தான் சேமித்தேன். ஆசிரியர் அறையில் ஒரு வாரம் என் கதைதான் ஓடியது.

மூன்றாவது வாரம் சத்தம் வந்தது. வலது பக்கம் திரும்பினால் மட்டும் டக் டக் டக்.

"இன்னாங்க சத்தம் அது?"

"கல்லு மாட்டிக்கினு இருக்கும்."

பூட்டுக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே சரி. வலது பக்கம் திரும்புவதைக் குறைத்தேன். காய்கறி மார்க்கெட்டுக்கு ஊரை இடமாகவே சுற்றிப் போனேன்.

தேர்வு நாள் வந்தது. ஒன்பதரைக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். பஸ்ஸில் போய்விடுகிறேன் என்ற கஸ்தூரியை, "நம்ம வண்டி இருக்கும்போது பஸ்ஸு எதுக்கு?" என்று நான்தான் உட்கார வைத்தேன். மயிலம் கூட்டுரோடு தாண்டும்வரை அவள் கணக்கு விதிகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். விக்கிரவாண்டியில் பாலம் வேலைக்காகச் சாலையை வலது பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். இடமாகச் சுற்ற வழியே இல்லை. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன். டக் டக் என்றது. அப்புறம் தடால் என்று ஒன்று. இன்ஜின் உறுமுகிறது, வண்டி அசையவில்லை. அந்தக் குறுகலான வழியை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றோம்.

பின்னால் நாலு பஸ். "யோவ், ஜல்தியா ஓரம் கட்டுய்யா" என்றார் ஒரு கண்டக்டர். இன்னொரு பஸ் ஜன்னலிலிருந்து, "டேய், நம்ம தமிழ் ஐயாடா" என்று ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் இறங்கி வந்து தள்ளி ஓரம் கட்டியதும் எல்லா பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒன்றில் ஏறியிருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியபோது கடைசி பஸ்ஸின் பின்பக்கம்தான் தெரிந்தது. கஸ்தூரி ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்ணாடியில் ஒட்டியிருந்த சர்வீஸ் சென்டர் அவசர எண்ணுக்குப் போன் போட்டேன். "எங்க ஸ்டாஃப் ஒருத்தங்க வீடு அங்கதான் சார், வேலைக்குக் கெளம்பிக்கினு இருக்காங்க. வந்து பாத்துட்டுக் கூப்பிடுவாங்க" என்றார்கள்.

பத்து நிமிடத்தில் ஒரு ஸ்கூட்டி வந்து கஸ்தூரி பக்க ஜன்னல் அருகே நின்றது. ஹெல்மெட் போட்ட பெண். இந்த வண்டிதானா என்று உறுதி செய்துகொள்ள, நின்றபடியே போனை எடுத்து டயல் செய்தாள்.

என் டச் ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது. 'பூட்டுத் திருடி அழைக்கிறார்.'

திருடிக்கு மரியாதை விகுதியை அந்த இயந்திரமே போட்டுக்கொண்டது. கஸ்தூரி படித்தாள். ஜன்னல் வழியாக அந்தப் பெண்ணும் படித்தாள். நான் அணைக்கப் பார்த்துத் தவறான இடத்தைத் தொட்டதில் எழுத்து இன்னும் பெரிதானது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள், ஸ்கிரீன் அணைந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினாள். பவித்ரா.

"சார்" என்றாள். "நான் எந்தப் பூட்டத் திருடினேன்?"

நான் அணைந்த ஸ்கிரீனை மறுபடி அணைக்கப் பார்த்தேன். அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கஸ்தூரி கையிலிருந்த ஹால் டிக்கெட்டையும் மணியையும் பார்த்தாள். எட்டு ஐம்பத்தைந்து.

"அக்கா, எத்தினி மணிக்கு?"

"ஒம்போதரை."

"ஏறுங்க."

தன் ஹெல்மெட்டை அவளுக்கு மாட்டிவிட்டாள். நான் அங்கேயே நின்றேன், இழுவை வண்டி வரும்வரை, என்னுடைய நல்ல நாலு பூட்டுகளோடு.

சாயந்திரம் சர்வீஸ் சென்டரில், "இப்ப கீழ வந்து பாக்கறீங்களா சார்?" என்றாள் பவித்ரா. வெள்ளைச் சட்டையோடு பள்ளத்தில் இறங்கினேன். சக்கரத்துக்கு உள்பக்கம், அதைச் சுழற்றும் தண்டின் முனையில், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை கிழிந்து தொங்கியது. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் காப்பது அதன் வேலை. அதற்கு இங்கிலீஷில் பூட் என்று பெயராம். நம் வாயில் அது பூட்டு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடிப்பதற்கு ஃபுல் லாக் என்று பெயராம். மண் புகுந்து இணைப்பு தேய்ந்து உடைந்துவிட்டதால் தண்டையே மாற்ற வேண்டும். பத்தொன்பதாயிரம்.

"அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பும்மா" என்றேன்.

"பரவால்ல சார்" என்றாள். "மூணு பேரு கேன்சல் பண்ணாங்க இல்ல, அதுல மேனேஜர் என்னைய வாஷிங் பக்கம் போட்டுட்டாரு. ஒரு மாசம். வீட்டுல சொல்லல."

பரவாயில்லை என்று அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. மேலே ஏறி, சட்டையில் கிரீஸோடு நேராக மேனேஜரிடம் போனேன். அன்று போலவே அங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் சொன்னது சரி, எனக்குத்தான் புரியவில்லை, ஏமாற்றுக்காரி என்று சொன்னது என் குற்றம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். மேனேஜருக்கு ஒன்றும் விளங்காமல் கோப்பிலிருந்து பழைய தாளை எடுத்தார். அதை நானே வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 'என் பூட்டு நன்றாக உள்ளது. ஓசை இல்லை.' அன்றைக்குச் சிரித்ததைவிட இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். பவித்ராவும் சிரித்தாள். பிறகு என் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, பத்துக்கு இரண்டு என்பதை அடித்து, பத்துக்குப் பத்து என்று தனக்குத் தானே போட்டுக்கொண்டாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கஸ்தூரி ஒன்பது இருபத்தேழுக்கு உள்ளே போனாளாம். அந்த முறை தேறினாள். இப்போது உதவியாளர். இனிப்பு டப்பாவை முதலில் பவித்ராவுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் போனில் பேசினால் ஒரு மணி நேரம் ஆகிறது. நான் அந்தப் பெயரை அழிக்கப் போனபோது கஸ்தூரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் சர்வீஸ் தேதி நெருங்கும்போதெல்லாம், வண்டியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, ஸ்கிரீனில் அந்தப் பெயர் பெரிதாக எரிகிறது. வந்தவர்களுக்கு முழுக் கதையையும் கஸ்தூரி சொல்லி முடிக்கும்வரை நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டுகிறேன்.

எங்கேயாவது குடும்பத்தோடு கிளம்பும்போது வீட்டுக் கதவைப் பூட்டுவது என் வேலை. வாசலில் இறங்கி நின்றுகொண்டு, யார் இருக்கிறார்கள் இல்லை என்று பார்க்காமல் அவள் கேட்பாள்.

"ஃபுல்லா லாக் பண்ணித் திருப்பினீங்களா? காத வெச்சிப் பாருங்க. சத்தம் வருதா?"

நானும் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.