இன்சூரன்ஸ்காரர் வீட்டுப் பேட்டரி

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று இன்சூரன்ஸ்காரர் தீர்மானித்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் எடுத்த முடிவெல்லாம் மனைவியிடம் ஒப்புதலுக்குப் போய், திருத்தங்களோடு திரும்பி வந்தவைதான். பேட்டரி விஷயம் அப்படி ஆகக்கூடாது.

மொட்டை மாடியில் சோலார் பேனல்கள் ஏற்கெனவே இருந்தன. பகலில் மிஞ்சுகிற கரண்டை மின்சார ஆபீஸ் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு, ராத்திரியில் யானை விலைக்குத் திருப்பி விற்றது. இப்போது புதுத் திட்டம் வந்திருந்தது. வீட்டில் பேட்டரி வைத்தால் விலையில் பாதி மானியம். பகலில் அதில் சேர்த்த கரண்டை, ஊரே விளக்கும் ஏசியும் போடுகிற ஆறு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஆபீஸுக்குக் கொடுத்தால் மாதாமாதம் ஊக்கத்தொகை வேறு. ஒரே நிபந்தனை, அந்த நேரத்தில் வீட்டில் விளக்கும் ஃபேனும் மட்டும்தான் ஓடலாம். வாஷிங் மிஷின், கரண்ட் அடுப்பு, அயர்ன் பாக்ஸ் என்று எதையாவது போட்டால் அந்த மாதத்து ஊக்கத்தொகை அம்பேல்.

அடுத்த வீட்டுக்காரரும் இவரைப்போல ரிட்டயர் ஆனவர், கண்டக்டர். பஸ்ஸை விட்டு அவர் இறங்கினாலும் பட்டம் அவரை விட்டு இறங்கவில்லை. அவர் வீட்டில் பேட்டரி வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் மதில்மேல் கையை ஊன்றி, முந்தின நாள் எவ்வளவு கரண்ட் கொடுத்தோம் என்பதைப் போனில் காட்டுவார். இந்தப் புதுமாதிரி பேட்டரியில் அமிலமே கிடையாதாம். இருந்த அமிலமெல்லாம் இன்சூரன்ஸ்காரர் வயிற்றில் சுரந்தது.

இடைஞ்சல் மனைவிதான். பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன் வேலை அவளுக்கு. அங்கே அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பார்கள். வீட்டுக்கு வந்து இவர் வாயை மூடவைப்பது அவளுக்கு ஓவர்டைம். காஸ் போய்க் கரண்ட் அடுப்பு வந்துவிட்ட வீடு. ஆறு மணிக்கு வந்ததும் சமையல், துவையல், மறுநாள் உடுப்புக்கு அயர்ன் என்று எல்லாவற்றையும் சரியாக அந்த நேரத்தில்தான் போடுவாள். ஒத்துக்கொள்ளவே மாட்டாள். ஆனால் வேண்டாம் என்றவர்களிடமே கையெழுத்து வாங்கிப் பிழைத்த மனுஷன் அவர். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினார்.

அன்று அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தார். முதல் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவள், "சரி, போட்டுடலாம்" என்றாள்.

அவர் இரண்டாவது காரணத்துக்குப் போனார்.

"அதான் சரின்னுட்டேனே."

"நல்லா யோசிச்சுக்கோ. ஆறு மணிக்கு மேல ஒரு மிஷின் ஓடக்கூடாது."

"ஓடாதுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

வரிந்துகட்டிக்கொண்டு வந்தவருக்குச் சண்டை போட ஆளில்லாமல் போயிற்று. ஐந்து வருஷ ஒப்பந்தம், நடுவில் விலகினால் மானியத்தைத் திருப்பிக் கட்டவேண்டும் என்றெல்லாம் அவரே விளக்கினார். மீட்டர் அவள் பெயரில் இருந்ததால் அவளே கையெழுத்துப் போட்டாள்.

பேட்டரி வந்தது. மாடிப்படிக்குக் கீழே சுவரில் வெள்ளை பீரோ மாதிரி உட்கார்ந்தது. முதல் நாள் சாயங்காலம் அவள் கிளினிக்கிலிருந்து வந்து, சோபாவில் காலை நீட்டி, ஒரு பத்திரிகையைப் பிரித்தாள். ஏழு மணிக்கு அவர் சாப்பாடு பற்றி விசாரித்தார். அடுப்புப் போடக்கூடாதே என்று ஞாபகப்படுத்தினாள். அன்றைக்கு ரொட்டி. மறுநாள் வாழைப்பழம். மூன்றாம் நாள் வாழைப்பழமும் தீர்ந்து, கசங்கின சட்டையோடு வந்து நின்று, என்னதான் வழி என்று கேட்டார்.

"பகல்ல கரண்ட் சும்மாத்தானே வருது? எல்லாத்தையும் பகல்லயே முடிச்சுட வேண்டியதுதான்."

"பகல்ல நீ வீட்ல இல்லையே?"

"நீங்க இருக்கீங்களே."

அந்த இரண்டு வார்த்தைகளில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று தேடினார். இல்லை.

மறுநாளிலிருந்து பத்து மணிக்கு அடுப்பு, பன்னிரண்டுக்கு மிஷின், இரண்டுக்கு அயர்ன். ரிட்டயர் ஆனதன் ஒரே பலனாக அவர் அனுபவித்துவந்த மத்தியானத் தூக்கம் போயே போயிற்று. முதல் வாரத்தில் ஒரு பாத்திரம் அடிபிடித்தது, அவளுடைய வெள்ளைக் கோட்டு ரோஸ் கலரில் வெளியே வந்தது. ஆனாலும் அவர் அசரவில்லை. எடுத்தது தன் முடிவு. அதைத் தானே மாற்றினால் மானம் போய்விடும்.

ஒரு மத்தியானம் ஈரத்துணியோடு மாடிக்குப் போனவர், பக்கத்து மாடியில் கண்டக்டரைப் பார்த்தார். வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இதையெல்லாம் எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

கண்டக்டர் கிளிப்பை எடுத்தார். "போனை மட்டும் காட்டுங்க, மத்ததைச் சொல்லாதீங்கன்னு உங்க வீட்லதான் சொன்னாங்க."

சாயங்காலம் அவள் வந்ததும் நேரடியாகக் கேட்டுவிட்டார். அவள் மறைக்கவில்லை.

"ரிட்டயர் ஆனதுமே, வீட்டு வேலையை ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுக்கலாம்னு கேட்டேன். பார்க்கலாம்னீங்க. மானியம்னதும் உடனே பார்த்தீங்க."

ஆனாலும் ஒன்றையாவது ஜெயிக்காமல் அன்றைக்குத் தூங்குவதில்லை என்று நின்றார். சமையலும் துவையலும் போகட்டும். சாப்பாட்டு மேஜைமேல் குனிந்து குனிந்து அயர்ன் பண்ணி இடுப்பு விட்டுப்போகிறது. முதல் ஊக்கத்தொகை வந்துவிட்டதே, அதில் இதற்கு ஒரு வழி பண்ணியே ஆகவேண்டும் என்றார்.

அவள் மறுப்பே சொல்லவில்லை. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். வந்த பணம் முழுவதையும் அதற்கே செலவழித்துவிட்டதாகச் சொல்லி, வாசலில் சாய்த்துவைத்திருந்த நீளமான பார்சலை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையைக் கிழித்ததும் மடக்குக் கால்களும் மெத்தென்று தைத்த துணியும் தெரிந்தன. சாய்வு நாற்காலி. இன்சூரன்ஸ்காரர் உட்காரத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டினார். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றிருந்தது.

அவள் கால்களை விரித்து நிறுத்தினாள். அவரைப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மெத்துத் துணி தைத்த அந்த நீளப் பலகையை ஏற்றி இறக்கி, அவர் இடுப்பு மட்டத்துக்குக் கொண்டுவந்து திருகாணியை முறுக்கினாள். அயர்ன் பாக்ஸை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"இனிமே குனிய வேண்டாம்" என்றாள்.

உயரம் கச்சிதமாக இருந்தது.