யோஹானின் நெருப்பில் நான் கைவைத்த கதை

அழைத்த வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. கொண்டாட்ட வீடென்றால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல் கிடாரத்தடியில் நிற்பவன்தான் மனுசன் என்று நம்பி வளர்ந்தவன் நான். (கறிக்கு உப்புப் போதுமா என்று யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.) இந்த நல்ல குணம் ஒருமுறை என் வேலைக்கே உலை வைத்தது.

ஊரில் போர் முடிந்த வருடம். டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. அகதி முகாமிலிருந்து தன் அம்மாவை, என் மாமியை, வெளியே விட்டதும் போய்ப் பார்க்க வேண்டுமென்று மனைவி வதனி தினமும் அழுதாள். தற்காலிகக்காரன் ஒரு மாதம் லீவு கேட்டால், திரும்பி வரும்போது அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். வேலையை நிரந்தரமாக்கக் கையெழுத்துப் போடவேண்டியவர் எங்கள் மேற்பார்வையாளர் யோஹான், தென்னாபிரிக்கர். அவர் ஒரு சனிக்கிழமை எங்களை 'பிராய்'க்கு அழைத்தார். அது தணலில் இறைச்சி சுடும் விருந்து.

விடுவேனா? மகளை இணையத்தில் தேடவைத்து, அவர்களுடைய பேச்சுவழக்கை இரண்டு பக்கம் எழுதி, சோதனைக்குப் படிப்பதுபோல் பாடமாக்கினேன். நல்லது, ருசியானது எல்லாம் 'லெக்கர்'. ஐயோ என்பதற்கு 'எய்ஷ்'. 'ஜஸ்ட் நௌ' என்றால் இப்போதே அல்ல, எப்போதாவது. (எங்கள் 'இந்தா வாறன்' மாதிரி.)

வாசலில் வந்து வாலாட்டிய யோஹானின் நாயைப் பார்த்தே "லெக்கர்!" என்றேன்.

"நை, ஃபா!" (வேண்டாம், அப்பா!) என்று மகள் டேனிஷில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு மணி நேரமாகியும் இறைச்சி அடுப்பில் ஏறவில்லை. பத்து ஆண்கள் பியரோடு நெருப்பைச் சுற்றி நின்று கதைத்தார்கள். இடுக்கியோடு நின்ற யோஹானிடம் சாப்பாடு எப்போது என்று கேட்டேன். "ஜஸ்ட் நௌ" என்றார். பிறகு தொலைபேசி அடிக்க உள்ளே போனார். இடுக்கி தனியே கிடந்தது. என் கை சும்மா இருக்குமா?

"இஞ்சேருங்கோ, அது அவையின்ரை அடுப்பு. பேசாமல் வாங்கோ" என்றாள் வதனி.

"சும்மா இருமப்பா! மனுசன் தனியக் கஷ்டப்படுறார்."

அட்டைப்பெட்டி மூடியால் விசிறினேன். சாம்பல் எழுந்து உருளைக்கிழங்குச் சலாதுக்கு மேல் இறங்கியது. இறைச்சி முழுவதையும் ஒரேயடியாக அடுக்கினேன். சுருட்டி வைத்திருந்த நீளமான சொசேஜை, வெந்ததா என்று முள்ளுக்கரண்டியால் ஏழெட்டு இடத்தில் குத்தினேன். கொழுப்பு ஒழுகி நெருப்பு என் மீசை வரைக்கும் வந்தது. பயத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன்.

புகை விலகியபோது எதிரே யோஹான் நின்றார்.

"எய்ஷ்" என்றார்.

இடுக்கியை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எங்கள் நாட்டில் ஒருவன் மூட்டிய நெருப்பை இன்னொருவன் தொடமாட்டான்." நான் எழுதிப் பாடமாக்கிய இரண்டு பக்கத்திலும் அது இருக்கவில்லை. அன்று எல்லோரும் வெறும் பாண் துண்டும் சீஸும் சாப்பிட்டோம். திரும்பும்போது காரில் வதனி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். அவள் அம்மாவைப் பார்க்கும் பயணத்தை நானே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டேன் என்று வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை யோஹான் கூப்பிட்டார். "பத்துப் பேர் குடித்துக்கொண்டு நின்றார்கள். நீ ஒருத்தன்தான் வேலை செய்தாய், அதுவும் பிழையாக" என்று சிரித்தார். கையெழுத்து எப்போது கிடைக்கும் என்றேன்.

"ஜஸ்ட் நௌ."

மூன்று கிழமை தூக்கமில்லாமல் கிடந்தேன். நாலாம் வாரம் கையெழுத்துப் போட்டார்.

லீவில் போனபோது வவுனியாவில் மாமி எலும்பும் தோலுமாக இருந்தார். வதனி அழுது முடித்துவிட்டு முதலில் சொன்ன கதை இதுதான். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு சலாதைக்கூட நாசமாக்கலாம் என்று தோன்றியது.

இன்றைக்கும் தொலைபேசியில் மாமி சுகம் விசாரிப்பதற்கு முன்னர் கேட்பது ஒன்றுதான்: "மருமோன் இப்ப ஆரின்ரை நெருப்பிலை கை வைக்கிறார்?"